தொப்புள்கொடி ரத்தத்தைக் காசு கட்டிச் சேமிக்கத்தான் வேண்டுமா?

முகிலன்:
மனைவிக்கு எட்டாம் மாதம். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், தொப்புள்கொடி ரத்தத்தை உறையவைத்துச் சேமிக்கும் தனியார் வங்கியின் பிரதிநிதி ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் ஸ்டெம் செல் (புது ரத்தச் செல்களை உருவாக்கும் மூலச் செல்) இருக்கிறது, சேமித்தால் 80 நோய்களுக்கு மருந்து கைவசம் இருக்கும், தவணையிலும் கட்டலாம் என்றார். மாமனார் கட்டச் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பரிமளா:
கட்டாதீர்கள் தம்பி. அந்த 80 நோய்ப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை என்று பெரும்பாலும் மரபணுக் கோளாறுகளும் ரத்த நோய்களும்தான் இருக்கும். குழந்தைக்குத் தலசீமியா என்றால் அதே கோளாறு அதன் தொப்புள்கொடி ரத்தத்திலும் இருக்கும். அதைத் திரும்ப ஏற்றி என்ன பயன்? லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த சில குழந்தைகளின் ரத்தத்தில், பிறந்தபோதே அந்த மரபணு மாற்றம் இருந்தது தெரியவந்திருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. பிரதிநிதி இதைச் சொன்னாரா?

சரவணகுமார்:
பரிமளா அவர்களே, படிக்கிறவர்கள் அந்த ரத்தமே வீண் என்று நினைத்துவிடப் போகிறார்கள். 1988-இல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் குழு, ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் வந்த சிறுவனுக்கு அவனுடைய தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றியது. அவன் பிழைத்து வளர்ந்து ஆளானான். அதில் ஸ்டெம் செல் மட்டுமா இருக்கிறது? அதிலுள்ள டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் பெரும்பாலும் எந்தக் கிருமியையும் சந்திக்காதவை. அதனால் பிறர் உடலில் ஏற்றும்போது அந்த உடலைத் தாக்கும் வேகம் குறைவு. பிறர் எலும்பு மஜ்ஜை என்றால் எச்.எல்.ஏ. (செல்களின் மேலுள்ள அடையாளப் புரதங்கள்) பொருத்தம் பொதுவாக நெருக்கமாக இருக்கும்படி பார்ப்பார்கள். இதில் ஆறு அடையாளங்களில் நான்கு பொருந்தினாலும் சிகிச்சை செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் தொப்புள்கொடி ரத்தத்தின் என்.கே. செல்களை (நோயுற்ற செல்களைக் கொல்லும் வெள்ளையணுக்கள்) மாற்றியமைத்து 11 பேருக்குக் கொடுத்ததில் 8 பேரின் புற்றுநோய் கட்டுப்பட்டது. 2020-இல் வெளியான ஆய்வு இது.

பரிமளா:
அந்தச் சிறுவனுக்கு ஏற்றியது தங்கையின் ரத்தம். அந்த என்.கே. செல்களும் முன்பின் தெரியாதவர்கள் தானமாகக் கொடுத்த ரத்தத்திலிருந்து வந்தவை. தன் ரத்தமே தனக்கு உதவியதாக ஓர் உதாரணமும் நீங்கள் தரவில்லையே! நீங்கள் சொன்னதெல்லாம், தேவைப்படும் யாருக்கும் தரும் பொது வங்கிக்குத் தானம் கொடுக்க வேண்டும் என்பதற்கான நியாயம். அதை நான் இரு கைகூப்பி வரவேற்கிறேன். ஒரு குடும்பம் கடன்பட்டுத் தனக்கென்று பூட்டி வைப்பதற்கு அது எப்படி நியாயமாகும்?

ஆரோக்கியசாமி:
ஆய்வக வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பிரசவத்தின்போது சேகரிப்புப் பையில் வரும் ரத்தம் பெரும்பாலும் 100 மில்லிக்கும் குறைவு. சுழற்றிச் சிவப்பணுக்களைப் பிரித்து, உறைபாதுகாப்புத் திரவம் சேர்த்து, படிப்படியாகக் குளிர்வித்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்குவோம். கடைசியில் உயிரோடு இருக்கும் செல் எத்தனை என்பதுதான் கேள்வி. குழந்தைக்குப் போதுமான பை, வளர்ந்த ஆளுக்குப் பல நேரம் போதாது. அதனால்தான் பெரியவர்களுக்கு இரண்டு பைகள் ஏற்றும் முறை வந்தது. செல் எண்ணிக்கை குறைந்தால் பொது வங்கி பையைத் தள்ளிவிடும். தனியார் வங்கியில் எந்த அளவுக்குக் கீழே போனால் பணத்தைத் திருப்பித் தருவார்கள்? ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடுங்கள் முகிலன்.

சரவணகுமார்:
மூத்த பிள்ளைக்குத் தலசீமியா இருக்கும் வீட்டுக்கு என்ன சொல்வீர்கள்? அடுத்த குழந்தையின் எச்.எல்.ஏ. முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்தப் பையை இழப்பது பெருங்குற்றம். ஆட்டிசம், மூளைவாதம் என்று ஆய்வுகளும் நடக்கின்றன. இன்று வழியில்லை என்பதற்காக நாளைக்கும் கதவை அடைப்பானேன்?

பரிமளா:
மூத்த பிள்ளைக்கு நோய் இருந்தால் சேமிக்கலாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அதை யார் மறுத்தது? ஆட்டிசத்துக்கு டியூக் பல்கலைக்கழகம் 180 குழந்தைகளிடம் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டது. முதன்மை அளவுகோலில் மருந்தற்ற திரவத்தைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. தவிக்கிற பெற்றோரிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பணம் வாங்குவதைப் பார்த்தால் நெஞ்சு கொதிக்கிறது.

தமயந்தி:
பிரசவ வார்டு செவிலியர் நான். குழந்தை வெளியே வந்த பிறகும் கொடி சற்று நேரம் துடித்துக்கொண்டே இருக்கும். கையில் பிடித்தால் தெரியும். அந்த ரத்தம் குழந்தைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடமாவது கழித்துத்தான் கொடியைக் கட்ட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பை நிறைய வேண்டும் என்று அவசரப்பட்டுக் கட்டினால் குழந்தையின் இரும்புச்சத்துதான் குறையும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அந்த ரத்தத்தைச் சேமிக்க முதல் இடம் குழந்தையின் உடம்பு.

சரவணகுமார்:
கொடியைத் தாமதமாகக் கட்டிய பிறகும் சேகரிக்கலாம் சகோதரி. அளவு குறையும், அவ்வளவுதான்.

ஆரோக்கியசாமி:
அளவு குறைந்தால் எண்ணிக்கையும் குறையும். அதற்கும் முழுக் கட்டணமா?

முகிலன்:
எங்கள் இரு குடும்பத்திலும் ரத்த நோய் இல்லை. இது முதல் குழந்தை. பணம் கட்டப்போவதில்லை, மாமனாரிடம் நானே பேசிக்கொள்கிறேன். தமயந்தி அக்கா, சிசேரியன் என்றாலும் கொடியைத் தாமதமாகக் கட்ட முடியுமா?

தமயந்தி:
தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து இல்லையென்றால் முடியும். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போதே மருத்துவரிடம் கேட்டு, கோப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அறுவை அரங்கில் அன்று யார் பணியில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.