குருவிக்கு வைத்த தட்டில் மரநாய், என்ன செய்யலாம்?

வணக்கம். கோவை வடவள்ளியில் இருக்கிறோம். கொல்லையில் கொய்யாக் கிளையில் ஒரு மண்தட்டைத் தொங்கவிட்டு, தினமும் கம்பும் ஒரு துண்டு பப்பாளியும் வைப்பேன். கம்புக்குச் சிட்டுக்குருவி, பழத்துக்குக் கொண்டைக்குருவி.

ஒரு வாரமாகக் காலையில் பார்த்தால் தட்டு கவிழ்ந்து கிடக்கிறது. பூனை என்றுதான் நினைத்தேன். நேற்று ராத்திரி டார்ச் அடித்தால் கறுத்த முகம், உடம்பு நீளத்துக்கு வால். மரநாய்! என்னைப் பார்த்தும் நகராமல் சாவகாசமாகத் தின்கிறது. மதில்மேல் விதையும் தோலுமாக அதன் எச்சம் வேறு.

1972 வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, அதனால் கூண்டு வைக்கும் யோசனை வேண்டாம். பொழுது சாய்வதற்குள் பழத்தை எடுத்துவிட்டால் போகுமா, இல்லை ஓட்டுக்கூரையில் குடியேறிவிடுமா? ஐந்து கோழிகள் இருக்கின்றன, அதுதான் கவலை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.