அப்பா தினமும் ஜாதிக்காய்ப் பால் குடிக்கிறார், சரியா?

பட்டர்வொர்த் மகள்:
அப்பாவுக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஜாதிக்காய்த் தூளைப் பாலில் கலந்து குடிக்கிறார். முதலில் ஒரு சிட்டிகை, இப்போது தேக்கரண்டி நிறைய. காலையில் வாய் வறண்டு, தலை கனக்கிறது என்கிறார். ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறார். இயற்கை மருந்துதானே என்று விட்டுவிடலாமா?

பாலிக் பூலாவ் அக்கா:
விட்டுவிடாதேம்மா, இன்றைக்கே நிறுத்தச் சொல். எங்கள் வீட்டுப் பின்னால் ஜாதிக்காய் மரம் நிற்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தோனேசியாவின் பண்டா தீவுப் பக்கமிருந்து இங்கே பினாங்குக்கு வந்த மரம் அது. பழுத்தால் பழம் தானாக இரண்டாக வெடிக்கும். வெளிச் சதையைச் சீனியில் ஊற வைத்துத் தின்போம், பினாங்குக் கடைகளில் விற்கும் ஜாதிக்காய்த் தண்ணீரும் அந்தச் சதைதான். உள்ளே கறுப்பு ஓட்டைச் சுற்றிச் சிவப்பு வலை மாதிரி இருப்பது ஜாதிபத்திரி. ஓட்டுக்குள் இருக்கும் பருப்பைத்தான் ஜாதிக்காய் என்று மருந்துக்கு எடுப்பார்கள். அப்பா குடிப்பதும் அதைத்தான்.

அதை எங்கள் பாட்டி கரண்டியால் அளந்து நான் பார்த்ததே இல்லை. வயிற்றுப்போக்கு, பொருமல், தூக்கமின்மை எதுவானாலும், உரைகல்லில் வெந்நீர் விட்டு லேசாக இரண்டு இழைப்பு, அவ்வளவுதான். தூளாக வாங்குவதால்தான் கை தாராளமாகிவிடுகிறது.

மருந்தகத்தில் வேலை:
அக்கா சொல்வது சரி. பருப்பில் மிரிஸ்டிசின் என்ற பொருள் இருக்கிறது. ஜாதிக்காய்த் தூள் 5 கிராம் அளவுக்கே குமட்டல், நெஞ்சுப் படபடப்பு, மனக்குழப்பம் வந்திருக்கிறது. விளைவு தெரியப் பல மணி நேரம் ஆகும். அதனால் வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்வார்கள், ஆபத்து அங்கேதான். கர்ப்பிணிகள் இதை மருந்தாக எடுக்கக் கூடாது. படபடப்போ குழப்பமோ தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

பட்டர்வொர்த் மகள்:
டப்பாவை எடுத்து வைத்துவிட்டேன். அக்கா, உரைத்துக் கொஞ்சமாகக் கொடுக்கலாமா?

பாலிக் பூலாவ் அக்கா:
மாத்திரை எழுதித் தரும் டாக்டரிடம் இந்த டப்பாவையே காட்டிக் கேள். அதுவரை வேண்டாம். அப்புறம், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத காப்பி, குடிக்கிறாரா? முதலில் அதை நிறுத்திப் பார்.