60 டிகிரிக்கு 6 இதழா?

இருட்டறை:
"கலைடாஸ்கோப் படத்தை ஹாலில் மாட்டுவது ஃபோன் ஆப் வந்தபிறகு கிளம்பிய பைத்தியம். அதெல்லாம் போட்டோ இல்லை" என்று இங்கே ஒருவர் நேற்று எழுதியிருந்தார். வயிறு எரிகிறது. கண்ணாடிகளைச் சாய்த்து வைத்து ஒரே காட்சியைப் பல பிம்பமாகக் காட்டும் கலைடாஸ்கோப்புக்கு, ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் காப்புரிமை வாங்கியது 1817-இல். புகைப்படக்காரர் ஆல்வின் லாங்டன் கோபர்ன் 3 கண்ணாடிகளை முக்கோணமாகக் கட்டி, அதன் வழியே எடுத்த படங்களை லண்டனில் காட்சிக்கு வைத்தது 1917-இல். அப்போது எந்த ஆப் இருந்தது? என் சோபாவுக்கு மேலே தொங்குவது வாழைப்பூ மடலின் ஓரம். 2 கண்ணாடி, இடையே 60 டிகிரி கோணம், 6 இதழ்.

நான்முனை:
எழுதியது நான்தான். கோபர்ன் இருக்கட்டும். 60 டிகிரியில் 6 இதழ் வராது சார், 3தான். துண்டுகள் 6 வரும், ஆனால் ஒன்றுவிட்டு ஒன்று திரும்பி விழும். இரண்டு சேர்ந்தால்தான் ஒரு இதழ். 6 வேண்டுமானால் 30 டிகிரி வையுங்கள்.

இருட்டறை:
360-ஐ 60-ஆல் வகுத்தால் 6. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். படம் என் கண்முன்னே இருக்கிறது, எண்ணிவிட்டுத்தான் எழுதினேன்.

வாசல்கோலம்:
நடுவில் ஒரு சந்தேகம். வாடகை வீடு, ஆணி அடிக்க ஓனர் விடமாட்டார். 3 அடிப் படத்தை சன்போர்டு என்கிற லேசான ஃபோம் பலகையில் ஒட்டி, டபுள் டேப் போட்டால் நிற்குமா? ஃபோனில் எடுத்தது போதுமா?

நான்முனை:
3 அடி என்றால் 36 அங்குலம். அங்குலத்துக்கு 150 புள்ளி வைத்தாலே 5400 பிக்ஸல். ஆப்பில் செய்தால் நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் ஒரு துண்டு மட்டும் 2700 இருக்க வேண்டும். மேட் ஃபினிஷ் கேளுங்கள், இல்லாவிட்டால் டியூப்லைட்தான் தெரியும். இருட்டறை சார், உங்கள் 6 இதழில் 3 இடப்பக்கம் சாயும், 3 வலப்பக்கம் சாயும். போய்ப் பாருங்கள்.

இருட்டறை:
சாய்ந்தால் அது இதழ் இல்லையா? போன வருடம் என் கோபுரப் படத்தையும் "சாய்ந்திருக்கிறது" என்று நாலு பேர் முன்னால் சொன்னவர்தானே நீங்கள்? மறக்கவில்லை.

பழையஃபிலிம்:
சாதாரண முகம்பார்க்கும் கண்ணாடியா வைத்தீர்கள்? பின்பக்கம் பூச்சுள்ளது ஓரங்களை இரட்டையாகக் காட்டும். முன்பக்கம் பூச்சுள்ளதுதான் சரி.

இருட்டறை:
என் கண்ணாடிக்கு ஒரு குறையும் இல்லை, ஓரம் கத்தி மாதிரி இருக்கிறது. இப்போதுதான் ஸ்டூல் போட்டு ஏறி எண்ணினேன். 6.

நான்முனை:
3.

இருட்டறை:
நாளை பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன். அதற்குள் கோபுரப் படத்துக்குக் கீழே எழுதியதை அழித்துவிடுங்கள்.