நாற்பதுக்குப் பிறகு கோல்ஃப்: மனதை விட்டுப் போகாத ஒரு காலை

சிறுசேரிக்காரன்

வயது நாற்பத்தாறு. மட்டையைத் தொட்டு ஐந்து வருடம். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 22-இல் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள்: சனிக்கிழமை ஆறு மணிக்கு நந்தனம் மைதானத்தில் முதல் டீ, அதாவது முதல் அடி அடிக்கும் இடம், எட்டரைக்கு மகளைக் கணக்கு டியூஷனில் இறக்க வேண்டும், ஆகவே ஒன்பது குழிதான், அதுவும் ஓட்டமும் நடையுமாக.

போன மாதம், ஐந்தாவது குழி. பந்துக்கும் கிரீனுக்கும் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) முப்பது கஜம் இருக்கும். ஒரு சிப், மெல்லத் தூக்கிப் போடும் சின்ன அடி, போதும். இரண்டு முறை மண்ணை வெட்டினேன். மூன்றாவது அடி கிரீனைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. என் கேடி, மட்டைப் பையைச் சுமந்து கூடவே வருபவர், அறுபதைத் தொட்டவர். இத்தனை மாதங்களில் "இடது", "வலது" தவிர என்னிடம் எதுவும் பேசியதில்லை. வெட்ஜ் மட்டையை வாங்கித் துடைத்துக்கொண்டே, "கையை நீட்டுங்கள் சார்" என்றார். அடிபட்டதா என்று பார்க்கிறார் என நினைத்து நீட்டினேன். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கடைசிக் குழியில் தருகிறேன்."

அதற்குப் பிறகு பிரமாதமாக ஆடினேன் என்று எழுத ஆசைதான். மணி தெரியாத பதற்றத்தில் இன்னும் மோசமாக ஆடினேன். டியூஷனுக்கு இருபது நிமிடம் தாமதம். காரில் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணா சாலை சிக்னலில் என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள். அப்போதுதான் கடிகாரத்தைத் திருப்பி வாங்காதது எனக்கே நினைவுக்கு வந்தது.

ஒரு குழிக்கு எத்தனை முறை மணி பார்க்கிறேன் என்று அந்த மனிதர் எண்ணிக்கொண்டே வந்திருப்பாரோ?

கிண்டிப் பழசு

தம்பி, கேடி செய்தது நாடகம். கடிகாரத்தைக் கழற்றினால் சிப் வந்துவிடாது. கிண்டியில் பந்தயப் பாதைக்கு நடுவே, குதிரைகளின் காலைப் பயிற்சியைப் பார்த்தபடி பல வருடம் ஆடியவன் சொல்கிறேன்.

என் கதை சின்னது. ஐம்பத்திரண்டு வயதில், அலுவலகப் பெரிய தலை ஒருவர் பார்க்க, முதல் டீயில் டிரைவர் என்ற நீள மட்டையை ஓங்கி வீசினேன். காற்றுதான் போனது, பந்து டீக் குச்சியிலேயே உட்கார்ந்திருந்தது. அவர் மரியாதைக்கு வானத்தைப் பார்த்தார். அது கிடக்கட்டும்.

நேரமில்லாதவன் டிரைவரைத் தூக்கிக்கொண்டு பயிற்சி ரேஞ்சுக்கு ஓடக் கூடாது. பார் (நல்ல ஆட்டக்காரருக்கு வேண்டிய அடிகள்) 72 என்றால் கிரீனுக்கு இரண்டு பட் (பந்தைக் குழிக்கு உருட்டும் அடி) வீதம் 36 அடி அதிலேயே அடங்கிவிடுகிறது, பாதி ஆட்டம்! அதை வீட்டுக் கூடத்திலேயே பழகலாம். எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்து, ஆறடி தூரத்திலிருந்து தினமும் முப்பது பந்து. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், டம்ளரின் வாய் அதைவிடச் சிறியது. ஒரு மாதம் பழகிவிட்டு மைதானத்துக்குப் போனால் குழி அண்டா மாதிரித் தெரியும். மார்கழியில் பனி ஈரத்தில் பந்து மெதுவாக உருளும், கொஞ்சம் கூடுதலாகத் தள்ளுங்கள். முதுகைச் சூடேற்றாமல் ஆடாதீர்கள். கையுறை இரண்டு வையுங்கள், நம் ஊர் வியர்வைக்கு ஒன்று ஐந்து குழி தாங்காது. ஹேண்டிகேப் கணக்கில் கடைசி 20 சுற்றில் சிறந்த 8 தான் எடுபடுகிறது. சொதப்பிய பன்னிரண்டை விதியே மறந்துவிடுகிறது, நீங்கள் எதற்கு உட்கார்ந்து அழுகிறீர்கள்? அமெரிக்க வீரர் மிக்கல்சன் 2021-இல் பிஜிஏ சாம்பியன்ஷிப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 50. வயதைக் காரணம் சொல்லாதீர்கள்.

மயிலாப்பூர்க்காரி

அவர் வயதைச் சொல்லவில்லையே ஐயா, டியூஷனைத்தானே சொன்னார்? மிக்கல்சனுக்கு ஆட்டமே தொழில்.

2021 ஆகஸ்ட் 7, இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக்கின் கடைசிச் சுற்றைப் பார்த்தேன். ஒரே அடியில் பதக்கம் போய் நான்காம் இடம். அந்த வாரமே பயிற்சிக்குச் சேர்ந்தேன், நாற்பத்து மூன்று வயதில்.

ரேஞ்சில் ஒரு பெரியவர். நான் கேட்கவே இல்லை. வந்தார், "கிரிப் தப்பு அம்மா" என்றார், என் இடது கட்டைவிரலை அரை அங்குலம் நகர்த்தச் சொன்னார். பக்கத்தில் ஆறு ஆண்கள் தப்பும் தவறுமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரிடமும் அவர் போகவில்லை. கோபத்தோடு அடித்தேன். வலப்பக்கம் வளைந்து ஓடும் பந்து அன்றுதான் முதல் முறையாக நேராகப் போனது. அவர் சொன்னது சரி! அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. நன்றி சொல்லாமல் என் பயிற்சி நேரத்தை மாலைக்கு மாற்றிக்கொண்டேன். கட்டைவிரல் மட்டும் அவர் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது.

ஆவடி அப்பா

டம்ளர் யோசனை எடுபடாது. எங்கள் வீட்டில் மொசைக் தரை, பந்து பூஜை அறை வரை ஓடுகிறது.

"ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருக்கக் கூடாதா?" என்று மனைவி கேட்டதற்கு, பையனையும் அழைத்துப் போகிறேன் என்று சமாதானம் சொன்னேன். பன்னிரண்டு வயது. வரும் முன் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டான். தொலைந்த பந்தைத் தேட 2019-இலிருந்து மூன்று நிமிடம்தான் என்று எனக்கே தெரியாது. அவன் கைபேசியில் நேரம் வைத்தான்.

அலுவலக நண்பர்கள் மூவரோடு ஆட்டம். பார் 4. முதல் அடி குளத்தில். பிறகு இரண்டு அடியில் கிரீன், மூன்று பட். எண்ணிக்கை கேட்டார்கள். "ஆறு" என்றேன். பையன் மெல்லிய குரலில், "தண்ணீருக்கு அபராத அடி ஒன்று சேர்க்கவில்லையே, அப்பா" என்றான்.

மறந்துதான் போனேன், சத்தியமாக. நண்பர்கள் சிரித்து ஏழு என்று எழுதிக்கொண்டார்கள். ஆனால் அடுத்த குழியிலிருந்து ஒவ்வொரு கிரீனிலும் என்னிடம் கேட்கும் முன் அவனிடம் கேட்டார்கள்.

கிண்டிப் பழசு

மொசைக்கில் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

சிறுசேரிக்காரன்

கடிகாரம் வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை நான் கேட்கும் முன்பே, செய்தித்தாளில் சுற்றி நீட்டினார். இப்போது முதல் டீயிலேயே நானாகக் கழற்றிக் கொடுத்துவிடுகிறேன். ஹேண்டிகேப் அதே 22. டியூஷனுக்கு மகளை அவள் அம்மா கொண்டுபோய் விடுகிறாள். அது பற்றி வீட்டில் ஒரு பேச்சு நிலுவையில் இருக்கிறது.