புல் ரிக்வெஸ்டுக்குப் பதில் சொல்வது மெயின்டெய்னரின் கடமையா?

தாம்பரம்_புதுவரவு

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தன்னார்வலர்கள் நடத்தும் ஓர் உரைத்திருத்திக்கு முதல் பேட்ச் (நிரல் திருத்தம்) எழுதி, அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் புல் ரிக்வெஸ்டாக மெயின்டெய்னர்களுக்கு, அதாவது திட்டத்தைப் பராமரிப்பவர்களுக்கு, அனுப்பினேன். திட்டத்தின் பெயர் வேண்டாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய என் கோப்பில் ‘கொடி’ என்று தேடினால் கிடைக்கவில்லை. சொல் கண்ணெதிரே நிற்கிறது, தேடல் இல்லை என்கிறது. நாள் முழுக்கத் தோண்டியதில் புரிந்தது: யூனிகோடில் ‘ொ’ ஒரே குறியாகவும் இருக்கலாம், ‘ெ’, ‘ா’ என இரண்டு குறியாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பைத்தான் நிரல்மொழியில் ‘கொ’வின் நீளத்தைக் கேட்டால் ஒன்றுக்கு 2 என்றும் மற்றதற்கு 3 என்றும் வரும்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து திருத்தி அனுப்பினேன். 47 நாள் ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று மூடிவிட்டார்கள். முகப்பில் ‘பங்களிப்புகளை வரவேற்கிறோம்’ என்று இருக்கிறது. பதில் சொல்ல ஆளில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்கிறேன்.

சிறுசேரி_பஸ்

தம்பி, வருத்தம் புரிகிறது. ஆனால் ‘கடமை’ என்ற சொல்லை ஏற்க மாட்டேன். நானும் ஒரு சின்ன நிரல் லைப்ரரியை ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். வேலை முடிந்து, ஓஎம்ஆர் நெரிசலைத் தாண்டி வீடு வந்து, பிள்ளைகள் தூங்கியபின் கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் அதற்கு. பேட்ச்சை மெர்ஜ் செய்தால் (நிரலில் சேர்த்தால்) அனுப்பியவர் போய்விடுவார். அதில் முளைக்கும் பிழைகளை வருடக்கணக்கில் நான்தான் பார்க்க வேண்டும்.

திறமூல மென்பொருளுக்குப் பங்களிக்கத் தூண்டும் அக்டோபர் மாத நிகழ்வான ஹாக்டோபர்ஃபெஸ்டில் 2020-இல் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? நான்கு புல் ரிக்வெஸ்டுக்கு ஒரு டி-ஷர்ட் என்றதும் ரீட்மி என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றி மாற்றி அனுப்பிக் குவித்தார்கள். மாதம் பிறந்த சில நாளிலேயே, தாமாக முன்வந்து சேரும் ரெப்போக்கள் (நிரல் களஞ்சியங்கள்) மட்டுமே கணக்கு என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் குவியலில் உன்னுடையதைப் போன்ற நல்ல பேட்ச்சும் இருந்திருக்கும். பிரித்தெடுக்க நேரத்துக்கு எங்கே போவது?

தாம்பரம்_புதுவரவு

நேரம் இல்லாததால்தான் ஆள் சேருங்கள் என்கிறேன் அண்ணா. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இருக்கும் கோப்புச் சுருக்கும் மென்பொருளான எக்ஸ்இசட் யூட்டில்ஸ் பல வருடம் கிட்டத்தட்ட ஒருவர் தோளிலேயே கிடந்தது. இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம், தன் மனநலமும் சரியில்லை என்று 2022-இல் அவரே எழுதினார். அவர் தனியாக இருந்ததால்தானே கெட்ட நோக்கத்தோடு ஒருவர் உள்ளே புக முடிந்தது?

சிறுசேரி_பஸ்

அதன் மறுபாதியையும் பார். முகம் தெரியாதவர்கள் ‘ஏன் இன்னும் மெர்ஜ் ஆகவில்லை, புது மெயின்டெய்னரைப் போடுங்கள்’ என்று அவரை நெருக்கினார்கள். உதவிக்கு வந்து, ஒழுங்கான பேட்ச்சுகள் அனுப்பி, நம்பிக்கையைச் சம்பாதித்த ஒருவர்தான் அதில் பின்கதவை (ரகசிய நுழைவழியை) வைத்தார். 2024 மார்ச்சில் தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் கவனித்ததால் தப்பித்தோம். அதற்கப்புறம் யாராவது அவசரப்படுத்தினாலே எனக்குக் கை நின்றுவிடுகிறது.

மயிலை_மொழிபெயர்ப்பு

நான் நிரல் எழுதுபவள் இல்லை, மென்பொருள் மெனுக்களைத் தமிழாக்குகிறேன். முதல் தடவை ‘சேவ்’ வருகிற இடத்திலெல்லாம் ‘காப்பாற்று’ என்று போட்டு அனுப்பினேன். அன்று இரவே பதில்: ‘இதற்கு ‘சேமி’ என்று ஏற்கெனவே வைத்திருக்கிறோம், சொற்பட்டியலைப் பார்த்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்.’ அவ்வளவுதான். ஆறு வருடமாக அங்கேயே இருக்கிறேன். 47 நாள் ஆனதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். காரணம் சொல்லாமல் மூடியது தப்பு.

சிறுசேரி_பஸ்

நியாயம்தான் மேடம். தம்பி, நீ தனிச்செய்தியில் அனுப்பிய பேட்ச்சை இப்போதுதான் படித்தேன். கோப்பைத் திறக்கும்போதே உரை முழுவதையும் நார்மலைஸ் செய்கிறாய், அதாவது இரண்டு குறியாக இருப்பதை ஒரே குறியாக்குகிறாய். ஒருவர் திறந்து, ஒரு கமா சேர்த்துச் சேமித்தாலும் அவர் தொடாத வரிகளெல்லாம் மாறியதாக, மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் காட்டும். தேடும்போது ஒரு நகலை மட்டும் நார்மலைஸ் செய்து ஒப்பிட வேண்டும். நகலில் குறிகளின் எண்ணிக்கை குறையுமே, கண்டுபிடித்த இடத்தை அசல் உரையின் இடத்தோடு பொருத்தவும் வேண்டும். இப்படியே வந்திருந்தால் நானும் மெர்ஜ் செய்திருக்க மாட்டேன்.

தாம்பரம்_புதுவரவு

அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் இதில் பாதியை அவர்கள் சொல்லியிருந்தால் அந்த வாரமே மாற்றி அனுப்பியிருப்பேன். என் புகார் அப்படியே நிற்கிறது.

சிறுசேரி_பஸ்

நிற்கட்டும். கடமை இல்லை என்பதும் நிற்கிறது. முதலில் பிழையைக் காட்டும் டெஸ்டை மட்டும் தனியாக எழுது. இரண்டு வடிவத்திலும் ‘கொடி’, ‘கோடு’ இருக்கட்டும். சனிக்கிழமை ராத்திரி பார்க்கிறேன்.