களிமண் வளவில் மரப்பட்டைப் பாதை மாரிக்குத் தாங்குமா?

கேள்வி (படுவான்கரையிலிருந்து):
எங்கள் வளவில் படலையிலிருந்து கிணற்றடி வரை, மாமரங்களுக்கும் வேம்புகளுக்கும் ஊடாக, ஏறத்தாழ 20 மீற்றர் நீளமான நடைபாதையொன்று அமைக்க விரும்புகிறோம். சீமெந்து போட்டால் வேர்களுக்கு நீர் இறங்காது என்பதால், மரக்காலையில் கழிக்கப்படும் பட்டைகளைத் துண்டாக்கிப் பரப்ப எண்ணுகிறோம். மண்ணோ களி, மார்கழியில் கால் புதையும். எவ்வளவு பட்டை தேவைப்படும்? கறையான் ஏறுமா?

மறுமொழி (களுவாஞ்சிக்குடியிலிருந்து):
பட்டையை விட, அதன் கீழே தேங்கும் நீர் எங்கே போகும் என்பதையே முதலில் தீர்மானியுங்கள். எமது மாவட்டத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றுடன் சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுவதால், களிமண்ணில் பள்ளம் தோண்டிப் பட்டையை நிரப்பினால் அது பாதையாக இராது, ஊறிக் கிடக்கும் குட்டையாகிவிடும். எனவே நடுப்பகுதியைச் சற்று உயர்த்தி இருபுறமும் சரிவு கொடுத்து, தாழ்ந்த பக்கமாக ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். அடியில் பொலித்தீன் விரிக்கவே வேண்டாம். நீர் ஊடுருவும் நெய்யாத துணியை விரித்தால், பட்டை சேற்றில் அமிழாமலும் களை எளிதில் எழாமலும் இருக்கும். ஓரங்களுக்குப் பிளந்த பனங்குற்றிகளை வைத்து முளையடிக்கலாம்; ஆனால் நீர் வெளியேற இடையிடையே வாய்விட மறந்துவிடாதீர்கள். 1.2 மீற்றர் அகலமும் 10 சென்ரிமீற்றர் தடிப்பும் எனக் கொண்டால் 2.4 கன மீற்றர் வேண்டும். மிதிபட்டு அமுங்கும் என்பதால் சற்றுக் கூடுதலாகவே எடுத்துவையுங்கள்.

மறுமொழி (அக்கரைப்பற்றிலிருந்து):
மேலே கூறியவற்றுடன் உடன்படுகிறேன். எனினும் மரங்களின் அருகே வாய்க்கால் வெட்டுவதில் கவனம் தேவை. மாமரத்தின் உணவுறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவியிருக்கும் என்பதால், அவ்விடங்களில் தோண்டாமல் இருக்கும் தரையின் மேலேயே துணியை விரித்துப் பாதையை உயர்த்துவதே நல்லது. அடிமரத்தோடு பட்டையைக் குவிக்கவும் கூடாது. ஈரம் பிடித்து மரத்தோல் அழுகும். மரத்தூளைக் கலந்து தந்தால் வாங்காதீர்கள்: மாரியில் வழுக்கும், கச்சான் காற்றில் பறக்கும். தும்புச்சோறும் அவ்வாறே நீரைப் பிடித்து வைத்திருக்கும். விரலளவுள்ள கரடான துண்டுகளே நிலைத்து நிற்கும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பாதை வீட்டுச் சுவரை ஒட்டியும் சிறிது தூரம் செல்கிறது. அங்கும் பட்டை போடலாமா?

மறுமொழி (திருக்கோவிலிலிருந்து):
அங்கு வேண்டாம். ஈரப் பட்டை சுவரைத் தொட்டால் கறையான் மறைந்து ஏறுவதற்கு வழியாகிவிடும். சுவரோரம் ஓரடி அகலத்துக்குச் சல்லி போட்டு இடைவெளி விட்டால், மண்புற்று எழும்போதே கண்ணில் படும். பனங்குற்றிகளின் அடியில் பூரானும் பாம்பும் ஒதுங்கக்கூடும் என்பதால், அவற்றைப் புரட்டும்போது வெறுங்கையை விடாமல் மண்வெட்டியால் புரட்டுங்கள். இந்த வெப்பத்தில் பட்டை விரைவில் மக்கும். ஆகவே ஆண்டுதோறும் புரட்டாசியில், கச்சான் அடங்கி மாரி தொடங்குமுன், பாதையை வாரிக் கிளறி, குறைந்த இடங்களில் 3 முதல் 5 சென்ரிமீற்றர் வரை புதிதாகப் போடுங்கள். அடியில் மண்ணாகிப்போனதைச் சலித்து எடுத்தால் வாழைக்கும் கத்தரிக்கும் இடலாம்.