லயத்துப் பெரியவங்களைப் படமெடுக்க கைப்பேசி போதுமா, கேமரா வாங்கணுமா?

நிறுவைமேடை:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கேன். 2007-இல் ஊருக்கு பெஸ்தாரி ஜெயான்னு பேர் மாறிடுச்சு, எங்க வாயில் இன்னும் பழைய பேர்தான் வருது. ஆலையில் லோரி நிறுக்கும் இடத்தில் கிராணி (கணக்கெழுதும்) வேலை. ஞாயிற்றுக்கிழமையில் படம் எடுப்பேன், எல்லாம் கைப்பேசியில்தான்.

போன வருஷம் அம்மா தவறிட்டாங்க. பதினாறாம் நாளுக்குப் பெரிய படம் போடணும்னு என் கைப்பேசியில் இருந்ததிலேயே நல்ல படத்தை எடுத்து, வாட்ஸ்அப்பில் பட்டணத்து ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன். வந்த படத்தைப் பார்த்ததும் மனசு ஆறலை. அம்மாவுக்கு இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. உதிரிப் பழம் பொறுக்கும்போது மட்டை முள் கிழிச்சது. படத்தில் அந்தத் தழும்பு இல்லை. கன்னத்துச் சுருக்கம் இல்லை. நிறமும் அவங்க நிறம் இல்லை. மெழுகு தடவின மாதிரி ஒரு முகம். தம்பி மகள் பார்த்துட்டு, "அத்தை, இது பாட்டி இல்லையே"ன்னு சொன்னாள். அவளுக்கு ஆறு வயசு.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். எங்க பழைய லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இன்னும் ஏழு வீட்டில் பெரியவங்க இருக்காங்க. தீபாவளி முடிஞ்சதும் எல்லாரையும் அடுக்குமாடிக்கு மாத்தப் போறாங்க, லயம் இடிபடும். அதுக்குள்ள ஒவ்வொருத்தரையும் அவங்க வீட்டு வாசலில் நிக்க வெச்சு எடுத்து, ஏ3 அளவில் (ஏ4 தாளைப் போல் ரெண்டு மடங்கு) பிரிண்ட் போட்டு அவங்க கையில் குடுக்கணும். ஆடியில் கோயில் தீமிதி இருக்கு. இந்த மண்ணில் நடக்கிற கடைசித் தீமிதி அதுதான், அதையும் எடுக்கணும்.

சீட்டுக் கட்டிச் சேர்த்த 1,500 வெள்ளி (ரிங்கிட்) கையில் இருக்கு. அதில் நல்ல கைப்பேசியா மாத்தட்டுமா, பழைய கேமரா ஒண்ணு வாங்கட்டுமா? மறுபடி ஒரு மெழுகு முகத்தை யார் வீட்டிலும் மாட்ட எனக்கு மனசு வராது.

மின்மினி_கோலசிலாங்கூர்:

அக்கா, அம்மா படத்தைப் பத்திப் படிச்சதும் கஷ்டமா இருந்தது. ஆனா அதில் பாதிக் குத்தம் கைப்பேசியோடது இல்லைன்னு நினைக்கிறேன். முகத்தை அழகாக்கும் வசதி நிறைய கைப்பேசியில் வாங்கும்போதே திறந்துதான் இருக்கும். தழும்பை அது கறைன்னு நினைச்சு அழிச்சிடும். கேமரா செட்டிங்கில் போய் அதை முழுசா அடைச்சிடுங்க. ரெண்டாவது, வாட்ஸ்அப்பில் படமா அனுப்பினா அது சுருக்கித்தான் அனுப்பும். ஆவணமா அனுப்புங்க, எடுத்தது எடுத்தபடி போகும்.

12 மெகாபிக்சல் படம்னா 4032க்கு 3024 புள்ளி. ஏ3 தாளில் அங்குலத்துக்கு 240 புள்ளிக்கு மேல் வருது. சுவரில் மாட்டிக் கையெட்டும் தூரத்தில் நின்னு பார்க்க அது போதும். நான் என் தாத்தாவை அப்படித்தான் போட்டேன், மீசை முடி ஒவ்வொண்ணா தெரியுது. ஒண்ணு மட்டும் கவனம்: முகத்துக்கிட்டே கைப்பேசியைக் கொண்டு போகாதீங்க. அது அகல லென்ஸ், மூக்கு பெரிசாகி காது உள்ளே போயிடும். ரெண்டு மடங்கு ஜூம் வெச்சு நாலஞ்சு அடி தள்ளி நில்லுங்க.

இருட்டுன்னா கைப்பேசியை நம்பாதீங்க, அதையும் சொல்லிடறேன். கம்போங் குவாந்தானில் சம்பானில் போய் பெரெம்பாங் மரத்து மின்மினியை எடுக்கப் பார்த்தேன். அங்கே பிளாஷ் போடவே கூடாது. கைப்பேசி மூணு விநாடி இழுத்தது, அதுக்குள்ள படகு ஆடிடுச்சு, வந்ததெல்லாம் பச்சைக் கோடு. தீமிதியில் ஆள் ஓடும். அதுக்குக் கேமராக்காரங்க யாராவது சொல்லட்டும்.

பழைய_பிலிம்காரன்:

தங்கச்சி, நான் 30 வருஷம் கல்யாணப் படம் எடுத்தவன். இப்போது பேரப் பிள்ளைகளையும் பறவைகளையும் எடுக்கிறேன். மின்மினித் தம்பி சொன்னது அத்தனையும் சரி. மெழுகு முகத்துக்கு இன்னொரு காரணம் உண்டு, அதை நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்தக் கேமராவும் பார்க்கிறதை எல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணித்தான் வெளிச்சத்தை அளக்கும். உங்கள் லயத்துச் சுவர் சுண்ணாம்பு அடித்த வெள்ளையாக இருக்கும். அதன் முன்னால் கறுத்த முகம் நின்றால் கருவி சுவரைப் பார்த்து "வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும், முகம் இருண்டு போகும். கைப்பேசி அந்த இருட்டை உணர்ந்து முகத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கும். தூக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும், அதை மறைக்க வழித்துவிடும். சுருக்கமும் தழும்பும் அந்த வழிப்பில் போய்விடும். கறுத்த தோலை உள்ளபடி காட்ட வேண்டும் என்று கூகுள் தன் பிக்சல் 6-இல் தனியாக வேலை செய்தது 2021-இல்தான். அதற்கு முன்னால் எத்தனை கோடி முகங்கள் இப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வேதனைதான்.

ஆகவே முதல் வேலை, பெரியவர்களை வெயிலில் நிறுத்தாதீர்கள், வெள்ளைச் சுவரிலும் சாய்க்காதீர்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்கு அஞ்சடி (வீட்டு முன்நடை) நிழலில், வாசலைத் திறந்து வைத்து, வீட்டு உள்ளிருட்டு பின்னால் வருகிற மாதிரி உட்கார வையுங்கள். முகம் வெளியே வானத்தைப் பார்க்கட்டும். அந்த வெளிச்சம் நெற்றியிலிருந்து கன்னத்துக்கு மெதுவாக இறங்கும், ஒவ்வொரு கோடும் நிற்கும். இதைக் கைப்பேசியிலும் செய்யலாம்: முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு எடுங்கள்.

இனி கேமரா. உங்களுக்குத் தீமிதி இருப்பதால் வாங்குங்கள் என்றே சொல்வேன். நல்ல கைப்பேசிகள் பலவற்றில் வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சார்கூட ஏறக்குறைய 10க்கு 7 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகம் அளவு. ஏபிஎஸ்-சி என்ற சென்சார் அளவுள்ள சாதாரண கேமராவில் 23.5க்கு 15.6, சின்னத் தபால்தலை அளவு. பரப்பில் ஐந்து மடங்கு. இரவில் அந்த ஐந்து மடங்குதான் பேசும். கைப்பேசி பல படங்களை அடுக்கி ஒன்றாக்கி இரவை வெளுக்க வைக்கிறது. அசையாத கோபுரத்துக்கு அது அருமை. பூக்குழியில் இறங்கும் காலுக்கு விநாடியில் 250-இல் ஒரு பங்கு வேகம் வேண்டும், அங்கே அடுக்க நேரம் கிடையாது.

1,500 வெள்ளியில் புதிது தேடாதீர்கள். நிக்கான் டி3300 என்று 2014-இல் வந்தது, 24 மெகாபிக்சல், 6000க்கு 4000 புள்ளி. ஏ3க்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் தாராளமாக வரும். கூடவே வரும் ஜூம் லென்ஸை நம்ப வேண்டாம், அது இரவுக்கு ஆகாது. 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் தனியாக வாங்குங்கள், அது அகலமாகத் திறந்து அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். அதில் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்க வேண்டும். இந்தக் கேமரா உடலுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது, பழைய ஏஎஃப்-டி லென்ஸைப் போட்டால் கையால்தான் திருப்ப வேண்டும். வாங்கும் இடத்தில் கைப்பேசி டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சணம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் அது பக்கத்து லென்ஸுக்கும் பரவும். வீட்டில் காற்றுப் புகாத பெட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஈரம் 40க்கும் 50க்கும் நடுவில் இருக்கட்டும். ஏர்கோன் அறையிலிருந்து அப்படியே விடியலில் வெளியே தூக்கி வந்தால் கண்ணாடி முழுக்கப் பனி பிடிக்கும். அரை மணி பையிலேயே வைத்துப் பிறகு திறங்கள்.

கோயிலில் குழல் விளக்கும் மலிவு எல்இடியும் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். வேகமாக எடுத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரும். பயப்படாமல் தொடர்ந்து அழுத்துங்கள். நிற்கிறவர்களை எடுக்கும்போது 100-இல் ஒரு பங்குக்கு இறக்கிவிடுங்கள்.

நாட்டில் வியாபாரத்துக்கென்று முதன்முதலாகச் செம்பனை நட்டது உங்கள் பக்கத்து தென்னமரம் தோட்டத்தில், 1917-இல். நட்டவர்கள், வெட்டியவர்கள், பொறுக்கியவர்கள் முகம் நம் கையில் எத்தனை இருக்கிறது? இந்த ஏழு பேரையாவது விட்டுவிடாதீர்கள்.

ஈஜோக்_மருமகள்:

பெரிய கேமராவைத் தூக்கினதும் வயசானவங்க விறைச்சுப் போயிடறாங்க, அடையாள அட்டைக்கு நிக்கிற மாதிரி. என் மாமியார் கைப்பேசின்னா பேசிக்கிட்டே இருப்பாங்க. முதல் தடவை போகும்போது கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீங்க அக்கா. தேத்தண்ணி குடிச்சுட்டு வந்துடுங்க. அப்புறம் ஒவ்வொரு பிரிண்டுக்கும் பின்னால் பென்சிலால் பேர், பிறந்த தோட்டம், என்ன வேலை செஞ்சாங்கன்னு எழுதுங்க. எங்க வீட்டில் பெட்டி நிறைய படம் இருக்கு, பாதிப் பேர் யாருன்னு சொல்ல ஆள் இல்லை.

நிறுவைமேடை:

ரெண்டு மாசம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். அண்ணன் சொன்ன அதே கேமரா, அதே லென்ஸ், எல்லாம் சேர்த்து 1,180 வெள்ளிக்குக் கிடைச்சது. முதலில் பார்த்த லென்ஸில் டார்ச் அடிச்சேன், ஓரத்தில் வெள்ளை இழை. வேண்டாம்னு வந்துட்டேன். மிச்சப் பணம் பிரிண்டுக்கு.

முதல் ஆள் கடைசி வீட்டுப் பாட்டி, 84 வயசு. ஈஜோக் தங்கச்சி சொன்னபடி முதல் வாரம் தேத்தண்ணி மட்டும்தான். அடுத்த வாரம் கேமராவைப் பார்த்ததும் உள்ளே போய் தலை வாரி, பட்டுச் சேலை கட்டிக்கிட்டு வந்து கையைத் தொங்கப் போட்டு நின்னாங்க. அப்படியே எடுத்தேன், அவங்க அப்படித்தான் தன்னைக் காட்டணும்னு நினைச்சாங்க. அப்புறம் ரப்பர் மரத்தில் பால் வெட்டின காலத்து உளி இருக்கான்னு கேட்டேன். அடுப்படிக் கூரைச் செருகலிலிருந்து எடுத்துட்டு வந்தாங்க. வாசல் கட்டையில் உட்கார்ந்து, மரமே இல்லாத இடத்தில், பட்டையை எப்படிச் சீவணும்னு எனக்குக் காட்டினாங்க. அந்தப் படம்தான் இப்போ ஏ3. வலது கட்டைவிரல் உளி பிடிச்சுப் பிடிச்சு வெளிப்பக்கமா வளைஞ்சிருக்கு, நகத்தில் நீளவாக்கில் ஒரு பிளவு. பாம்படம் போட்டு இறங்கின காது, தோள் கிட்டே வரைக்கும். கன்னத்து நிறம் அவங்க நிறம். பிரிண்டைக் குடுத்ததும் பாட்டி தன் முகத்தைப் பார்க்கலை, விரலால் அந்த உளியைத் தடவிப் பார்த்தாங்க.

தீமிதியில் 400க்கு மேல் எடுத்தேன். நிர்வாகத்தில் முன்னாடியே கேட்டு பூக்குழிக்கு ஓரத்தில் இடம் வாங்கினேன். ஊதா விளக்கு பட்டதெல்லாம் வீண், முகமே ஊதா. விளக்கு படாம நெருப்பு வெளிச்சம் மட்டும் விழுந்ததில் ஆறு படம் தேறுச்சு. அதில் ஒண்ணில் கரகம் தூக்கின அண்ணன் காலுக்குக் கீழே பொறி ஒவ்வொண்ணா நிக்குது. கைப்பேசியில் என் தங்கச்சி அதே இடத்தில் எடுத்தாள், அவளுடையதில் கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை. ஆனா பகலில் கூட்டத்தையும் அன்னதானத்தையும் அவ எடுத்தது என்னுடையதைவிட நல்லா இருக்கு, அதையும் சேர்த்துத்தான் ஆல்பம் போட்டேன்.

அம்மா படம். பழைய கைப்பேசியை நோண்டி முதல் படத்தைக் கண்டுபிடிச்சேன். வாட்ஸ்அப் மேல் மட்டும் பழி இல்லை, எடுக்கும்போதே கைப்பேசி தழும்பை அழிச்சிருக்கு. அப்புறம் தம்பி மகள் பிறந்தநாள் படங்களில் ஒண்ணு கிடைச்சது. கேக் வெட்டறாங்க, பின்னால் ஓரமா அம்மா தட்டோட நிக்கறாங்க, கொஞ்சம் கலங்கலா. தழும்பு இருக்கு. வெட்டி எடுத்தா 4ஆர் (4க்கு 6 அங்குலம்) அளவுக்குத்தான் தாங்குது. மாலை இப்போ அதுக்குத்தான் போடறோம்.

ஒரு சந்தேகம். பெட்டியில் ஈரமானி 58 காட்டுது. சிலிக்கா மணி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாயிடுச்சு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணுமா?

பழைய_பிலிம்காரன்:

வாங்க வேண்டாம் தங்கச்சி. பழைய தகரத் தட்டில் பரப்பி, ஓவனில் 110, 120 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். நீல மணியில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் மட்டும் போடாதீர்கள். அது காய்கிற வரைக்கும் லென்ஸை வெளியே காற்றோட்டமாக வையுங்கள். பாட்டி படத்தை இங்கே போட வேண்டாம், அவர் வீட்டுச் சுவரில் இருக்கட்டும். மீதி ஆறு வீடு எப்போது?

நிறுவைமேடை:

இந்த ஞாயிறு ரெண்டு வீடு, அண்ணே. காலை எட்டரைக்கு.